சோலைமலைக்குப் போர்த்திய நாலு கம்பளி

சோலைமலைக்குக் களைப்பு என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்தாலும் ஒத்துக்கொள்கிற ஆளில்லை. இலங்கையில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்துக்காரர். தன் நிரையில் தேயிலைச் செடியை வெட்டி முடித்துவிட்டு, "தள்ளுடா, இதெல்லாம் ஒரு வெட்டா?" என்று அடுத்தவன் நிரையிலும் போய்க் கத்தியை வைப்பார். அந்த வாய்க்கு மட்டும் தனியாகச் சம்பளம் போடவேண்டும் என்பாள் மனைவி அம்மாக்கண்ணு.

ஐம்பத்தாறாம் வருஷம் மாசியில், தேயிலைக்கு மேலே காய்ந்து கிடந்த மானாப்புல் மலை தீப்பிடித்தது. தப்படித்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். பச்சைக் கொப்பை ஒடித்துத் தீயை அடிப்பதுதான் வழக்கம். கங்காணி பழனியாண்டி "ஆள் மாத்து!" என்று கத்தியதும், அடித்தவன் கொப்பை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு ஓரமாய் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கவேண்டும். சோலைமலை மாறுவாரா? தீப்பொறி படக்கூடாதென்று கம்பளியை வேறு போர்த்திக்கொண்டு நின்றார்.

"நீங்கல்லாம் உக்காருங்கடா. இத நான் பாத்துக்கிறேன்."

"அண்ணே, தண்ணியாவது குடிங்க" என்றார் பழனியாண்டி.

"வேர்வையோட தண்ணி குடிச்சா சன்னி வந்துரும். போய்யா!"

தீ அடங்கியது. இடுப்பில் கைவைத்துப் பெருமையாய் நின்ற மனுஷருக்கு வேர்வை நின்றுபோனது, பேச்சு குழறியது, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அப்படியே மடங்கி விழுந்தார்.

நம் மலைக்காரர்களுக்கு நடுக்கம் என்றால் ஒரே வைத்தியம்தானே? "ஐயோ, குளிர் கண்டிருச்சு!" என்று ஓடிவந்து ஆளுக்கொரு கம்பளியாய்ப் போட்டார்கள். அவருடையதோடு சேர்த்து நாலு. பாவம், அன்பினால்தான் செய்தார்கள். உள்ளே மனுஷர் வெந்துகொண்டிருந்தார்.

தண்ணீர் வாளியோடு ஏறிவந்த அம்மாக்கண்ணு நெற்றியைத் தொட்டாள். கை சுட்டது.

"அடப் பாவிகளா! அனலாக் கொதிக்குது, குளிராம்ல குளிரு!"

கம்பளிகளை உருவி எறிந்தாள். சட்டையைக் கிழித்தாள். முழு வாளியையும் தலையில் கவிழ்த்தாள். ஊரே பார்க்கக் கோவணத்தோடு கிடந்தார் சோலைமலை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஓடையிலிருந்து ஆட்கள் தண்ணீர் கொண்டுவரக் கொண்டுவர அவள் ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே அழுதாள்.

ஒருவழியாய்க் கண் திறந்தார். "தீ அணைஞ்சிருச்சா?"

"அது எப்பவோ அணைஞ்சிருச்சு. நீங்க செத்துத் தொலைஞ்சா நான் யாரோடங்க சண்ட போடுறது?"

அப்புறம்தான் எல்லோரும் சிரித்தார்கள். வருஷம் முழுக்கச் சிரித்தார்கள்.

அடுத்த மாசியிலும் மலை எரிந்தது. கம்பளியை லயத்து வீட்டிலேயே போட்டுவிட்டு வந்த சோலைமலை, கொஞ்ச நேரம் அடித்துவிட்டுக் கீழே பார்த்தார். அம்மாக்கண்ணு வாளியோடு நின்றாள். கங்காணி வாயைத் திறப்பதற்குள், "ஆள் மாத்து!" என்று மலையே அதிரக் கத்தியது அவர்தான்.