நிபுணரின் திருப்தி

அந்த மனுசனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கலவரத்தில் எங்கள் கடை எரிந்துபோன பிறகு, ரத்தோட்டைப் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் மிளகு நாற்று வளர்த்தோம். அரசாங்க மானியத்தில் மிளகு நடுகிறவர்கள் பதிவுபெற்ற நாற்றுமேடையில்தான் கொடி வாங்க வேண்டும். பதிவு கிடைத்தால் எங்களுக்குச் சோறு. கிடைக்காவிட்டால் நாற்றெல்லாம் பைக்குள்ளேயே வேர் சுருண்டு சாகும். பதிவுக்கான விதிகள் ஒரு தாளில் இருந்தன. நிழல், தண்ணீர், மண் கலவை, பையின் அளவு எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியாக ‘பரிசோதிக்கும் நிபுணர் திருப்தியடைய வேண்டும்’ என்று போட்டிருந்தார்கள். மற்ற வரிகளை முதுகொடிய உழைத்து நிறைவேற்றிவிட்டேன். இந்த வரிக்கு நான் எங்கே போக?

நிபுணர் வந்தார். எங்கள் ஆள்தான், தமிழர். பாத்திகளைச் சுற்றினார். நாற்றுக்குத் துண்டு வெட்டியெடுக்கும் தாய்க்கொடிகளிடம் போய்க் குனிந்து பார்த்தார்.

“சரியில்லம்மா.”

“என்னங்க ஐயா சரியில்ல?”

“சரியில்லன்னா சரியில்ல. எத்தன வருசமா மிளகு பாக்குறேன்! எனக்குத் திருப்தியில்ல.”

அவ்வளவுதான், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். இரண்டு முறை அவர் வேலை பார்க்கும் கந்தோருக்கு நடந்தேன். அதே பேச்சு. சாதி பார்க்கிறாரோ, கையில் ஏதாவது எதிர்பார்க்கிறாரோ என்று நான் நினைக்காத கெட்டது இல்லை.

விடுவேனா? மாத்தளையில் பெரிய அதிகாரி கூட்டிய விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினேன். “தாள்ல இருக்கிறத மட்டும் பாருங்க! இவரு மனசுல இருக்கிறதுக்கெல்லாம் நாங்க எப்படிங்க நாத்துப் போடுறது?” கூட்டமே கைதட்டியது. கொஞ்ச நாளில் அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டார்கள். புதிதாக ஒரு பரிசோதகர் தாளோடு வந்தார், வரிக்கு வரி சரி போட்டார், பதிவு கொடுத்தார். அந்த வாரம் நிபுணரைச் சந்தையில் கண்டபோது வேண்டுமென்றே நக்கலாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

என்னிடம் முதலில் கொடி வாங்கியவர் பக்கத்து ஊர் முஸ்லிம் பெண், கணவனை இழந்தவர். அவர்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். என்னை நம்பி, பழைய கோப்பிச் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இருந்த தோட்டம் முழுவதும் என் கொடியை நட்டார். இரண்டாவது மழைக்கு எல்லாம் அடித்தண்டு கறுத்து அழுகிவிட்டன. என் தாய்க்கொடிகளும் அதே நோயில் சாய்ந்தன. நோயைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது. அதை நிபுணரின் கண்ணுக்கு விட்டிருந்தார்கள்.

ராத்தா என்னைத் திட்டவில்லை. “தெரிஞ்சீந்தா செல்லி ஈப்பீங்க தானே புள்ள” என்றார். தெரிந்திருந்தால் நான் சொல்லாமல் இருந்திருக்க மாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அழுகிய கொடியொன்றை எடுத்துக்கொண்டு நேரே நிபுணரின் கந்தோருக்குப் போய் மேசையில் போட்டேன்.

“இது அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?”

“தாய்க்கொடியில அறிகுறி இருந்துச்சு. அதனாலதானே வேணாம்னேன்.”

“அடப்பாவி! அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அத்தனையும் புடுங்கி எரிச்சிருப்பேனே!”

அவர் மேசையில் சிந்திய மண்ணைத் தட்டிவிட்டார்.

“காரணம் சொல்லணும்னு விதியில எங்கயும் இல்லையேம்மா.”