யவ்தோகாவின் கைராசி

“தன்னிடமிருந்த சிறந்த விதையை ஊராருக்கு மனமுவந்து பகிர்ந்தளித்து, தன்னலமின்மைக்கு எடுத்துக்காட்டாக விளங்கும் யவ்தோகா அவர்களுக்கு.” எங்கள் கிராம மன்றம் கொடுத்த பாராட்டுப் பத்திரம் இது. யவ்தோகா அதைக் கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருந்தாள். மன்றத்தாருக்குத் தோட்டவேலை தெரியாது.

விதை, பீட்ரூட் விதை. அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது தலைக்குட்டையின் முடிச்சில் கொண்டுவந்தது. கிழங்கு நீளமாக, கரியேறியதுபோல் இருக்கும். வெட்டினால் உள்ளே ஒரு வெள்ளை வளையம்கூடத் தெரியாது. அதைப் போட்டுக் கொதிக்கவைத்த போர்ஷ் சூப், புளித்த பாலேட்டை ஊற்றின பிறகும் வெளிறாது. கல்யாணமானாலும் கருமாதியானாலும் அண்டாவுக்கு முன்னால் நிற்க அவளைத்தான் கூப்பிட்டார்கள். கணவன் போன பிறகு அவளுக்கு ஊரில் இருந்த ஒரே இடம் அந்த அண்டாவின் பக்கம்தான்.

ஈஸ்டர் முடிந்த கையோடு, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். யார் வீட்டிலும் முளைத்ததில்லை.

“மண்ணுல சத்து இல்லையோ என்னமோ அண்ணி” என்பாள் நாத்தனார் மெலானியா.

“மண்ணு என்னடி பண்ணும்? நீ வைக்கிற போர்ஷ், பிள்ளை குளிச்ச தண்ணி மாதிரி இருக்கு. முதல்ல அதைக் கவனி.”

“உங்க கைராசி எங்களுக்கு ஏது!”

யவ்தோகா மறுத்துச் சொன்னதில்லை.

பத்திரம் வந்த அடுத்த குளிர்காலத்தில், பனி உருகிய தண்ணீர் அவளுடைய நிலவறைக்குள் புகுந்தது. வசந்தத்தில் மறுபடி நட்டு விதையெடுக்கவென்று மணலில் புதைத்து வைத்திருந்த கிழங்குகள் அழுகிப்போயின. அடுப்போரம் தொங்கிய விதைப்பையை எலி ஏற்கெனவே காலி செய்திருந்தது. மிச்சமெல்லாம் வழக்கம்போல ஊருக்குப் போயிருந்தது. அந்தக் கோடையில் மெலானியாவின் மகளுக்குக் கல்யாணம்.

அவள் மெலானியா வீட்டுக்குப் போனாள். எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“விதையா? உங்க கையால கொடுத்ததாச்சே, தூக்கிப் போட மனசு வருமா?” மெலானியா சாமிப்படத்துக்குப் பின்னால் கைவிட்டாள். விதைக்காமல் மிஞ்சிய பொட்டலங்கள், பல வருஷத்தவை, கயிறு போட்டுக் கட்டியிருந்தன. “அத்தனையும் எடுத்துக்கங்க அண்ணி. உங்க கை பட்டா முளைக்கும்.”

யவ்தோகா ஒன்றைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள்.

“இது முளைக்காது.”

“மோந்து பாத்தே சொல்றீங்களே, எப்படி?”

யவ்தோகா பொட்டலத்தைப் பழையபடி மடித்தாள். பொட்டலக் கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த வசந்தத்தில் பாத்தியை வெட்டினாள், எருப் போட்டாள், வெங்காயம் நட்டாள்.

கல்யாணத்துக்கு மெலானியா சந்தையில் கிழங்கு வாங்கினாள். வெட்டினால் வளையம் வளையமாக வெள்ளை. அவளே அண்டாவின் பக்கம் நின்றாள். சூப் வெளிறித்தான் இருந்தது. எல்லாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நிறத்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. யவ்தோகா விருந்தாளிகளோடு மேசையில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டாள்.

பத்திரம் இன்னும் கடிகாரத்துக்குக் கீழேதான் இருக்கிறது. யவ்தோகா அத்தனை வருஷமும் செய்தது இதுதான்: ஒவ்வொரு வசந்தத்திலும், பொட்டலம் கட்டுவதற்கு முன்னால், ஊருக்கான விதைகளைத் தகட்டில் பரப்பி, ரொட்டி சுட்ட அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துக் கொன்றாள்.