ஸ்டெல்லா மாற்றிய பேட்டரி கேபிள்

சென்ற வியாழக்கிழமை காலை ஸ்டெல்லாவின் மகன் போன் செய்தான். அவனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. "அம்மா இக லேது ஆண்ட்டி" என்றான். அம்மா இனி இல்லை. நாற்பது வருடமாகக் காதில் விழுகிற தெலுங்குதான். அன்று அது உள்ளே போகவில்லை. போனை வைத்த பிறகும் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே நின்றேனாம், மருமகள் சொன்னாள்.

குஷாய்குடா தொழிற்சாலையின் டெஸ்டிங் பிரிவில் அவளோடு வேலை செய்த உங்களுக்கு ஸ்டெல்லா யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தாறு வருடம் நானும் அவளும் அடுத்தடுத்த மேஜை. மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள். "தோணுதுன்னு சொல்லாதே, அளந்துட்டுச் சொல்லு" என்பாள். ஆனால் நாங்கள் ஓய்வு பெற்ற பிறகு நடந்த ஒன்று உங்களில் பலருக்குத் தெரியாது.

என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். முப்பது நாள் ரேடியேஷன். திரும்பி வரும்போது வாந்தி வரும். ஒரு நாள் வாடகைக் காரில் வாந்தி எடுத்துவிட்டார். ஓட்டுநர் எங்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு என் கணவர் வெளியே கிளம்பவே கூசினார். கேள்விப்பட்ட மறுநாளே ஸ்டெல்லா தன் பழைய காருடன் மௌலா அலியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பின் சீட்டில் துண்டுகளும் ஒரு வாளியும் இருந்தன. "இது என் வண்டி அண்ணே. என்ன வேணா ஆகட்டும், ஏறுங்க" என்றாள்.

பாதி நாட்கள் கடந்திருக்கும். ஒரு காலை அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்; வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி முந்தின மாதம்தான் மாற்றியது. தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிப் போனார். என் கணவர் மெல்ல இறங்கி வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு நக்கோம்மா, வேண்டாம். இனிமேலும் நக்கோ. இதோட விட்டுடலாம்."

இப்படி ஒரு சாக்குக்காகவே அவர் காத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

"கைக்கு அண்ணே? ஏன் விடணும்? கெட்டது வண்டிதானே" என்று ஸ்டெல்லா கேட்டது உள்ளே கேட்டது. நான் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அவர் மறுபடி வண்டியில் ஏறி, டிரைவர் சீட்டில் இருந்தார். அவள் சொல்லும்போதெல்லாம் சாவியைத் திருப்பினார். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளின் இரு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தாள். இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கேபிள் நன்றாக இருந்தால் அங்கே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. முதலில் மைனஸைக் கழற்றினாள், பிறகு அந்த கேபிளை. உறையைக் கீறிப் பார்த்தால் செம்புக் கம்பி பச்சைப் பொடியாகியிருந்தது.

அதையே அளவுக்கு எடுத்துக்கொண்டு நான் ஆட்டோவில் உதிரிபாகக் கடைக்கு ஓடி, அதே தடிமனில் புதிய கேபிள் வாங்கி வந்தேன். அறுபது வயதுக்காரி ஸ்டெல்லா அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்திருந்தாள். என் கணவர் குனிந்து ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முனைகளை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பிளஸ்ஸை மாட்டி, மைனஸைக் கடைசியில் மாட்டினாள்.

"இப்ப திருப்புங்க அண்ணே."

வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. சாவியிலிருந்து கையை எடுக்காமலே அவர் "இவ்வளவுதானாம்மா?" என்று கேட்டார். இவ்வளவுதான் என்றாள். யாரும் சொல்லாமலே அவர் எழுந்து பின் சீட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் பிற்பகல் வரச் சொன்னார்கள். மீதியிருந்த நாட்களில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். பேத்தி பிறந்ததைப் பார்த்தார்.

அவர் போனபின் நான் லோத்குண்டாவில் மகனிடம் வந்துவிட்டேன். ஸ்டெல்லாவும் நானும் வாரம் ஒரு முறை போனில் பேசுவோம். போன வருடம் காரை விற்றுவிட்டதாகச் சொன்னாள். ஏன் என்றேன். கண் சரியில்லை என்றாள். நம்பிவிட்டேன்.

கண்ணல்ல, வயிறு; அவருக்கு வந்த அதே நோய். எட்டு மாதம் அதே ஆஸ்பத்திரிக்கு, வாடகைக் காரில், தனியாகப் போய் வந்திருக்கிறாள். மகனிடம்கூட கடைசியில்தான் சொல்லியிருக்கிறாள். அவன் மனசு கேட்காமல் என்னிடம் சொன்னபோது எல்லாம் கைமீறியிருந்தது. போய் நின்று, ஏன் மறைத்தாய் என்று திட்டினேன். திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல உன்னை மறுபடியும் உட்கார வைக்க மனசு வரல மீனா" என்றாள்.

சரியாகிவிடும் என்று எதையோ சொல்ல ஆரம்பித்தேன். "பொய் நக்கோ. பக்கத்துல உட்காரு" என்றாள். உட்கார்ந்தேன். அவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். எடையே இல்லை. பொழுது சாயும்வரை தூங்கினாள்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, என் மடியில் காலை வைத்து அவள் தூங்கிய அந்தப் பிற்பகல் ஒன்றைத்தான். அவள் என்னை நினைத்து எனக்குத் தராமல் விட்ட எட்டு மாதங்களுக்காக அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உங்களில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், தயவுசெய்து என்னிடம் மறைக்காதீர்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் வந்து உட்காருவேன்.