இடதுகாலை ஊன்றாதவன்

கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்கி, இடதுகாலை ஊன்றிச் சட்டென்று திரும்புவான் அந்தக் கால்பந்து ஸ்ட்ரைக்கர். எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்த அவள் அந்தத் திருப்பத்துக்கே ரசிகையானவள். மூன்று ஆட்டங்களாக அவன் அப்படித் திரும்பவேயில்லை.

"முழங்கால்ல ஏதோ இருக்கு. மறைக்கிறாங்க" என்றாள்.

"உனக்கு யாரைப் பார்த்தாலும் எலும்புதான் தெரியும்க்கா" என்று தம்பி சிரித்தான்.

ஸ்ட்ரைக்கருக்கு ஒரு குறையுமில்லை என்று கிளப் அறிவித்தது. அவள் நம்பவில்லை.

நான்காவது ஆட்டத்தில் அவன் பழையபடி சுழன்று கோல் போட்டான். தம்பி துள்ளிக் குதித்தான். கட்டிப்பிடிக்க வந்த சக வீரர்கள் மேல், இடதுகாலை ஊன்றாமல், அந்த ஸ்ட்ரைக்கர் முழு பாரத்தையும் சாய்த்ததை அவள் பார்த்தாள்.

மறுநாள் அவன் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை என்று செய்தி வந்தது.

"எப்படிக்கா கண்டுபிடிச்சே?"

"என் சந்தேகம் பொய்யாப் போயிருக்கக் கூடாதாடா?" என்றாள்.