பூனை ரத்தமும் ரவிக்கைத் துணியும்

மாட்டு வைத்தியம் படித்துவிட்டு ஊருக்குள் பூனை பார்க்க உட்கார்ந்தவனின் அவஸ்தை, கையெல்லாம் பிறாண்டல் வாங்கிய சகாக்களே, உங்களுக்குத்தான் புரியும்.

அவசர நாக்கு

தொண்ணூறுகளின் நடுவில், வெளிநாட்டிலிருந்து வந்த நண்பன் பூனை ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் ரெட்ரோவைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கிட் நான்கைக் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த மாதமே காலாவதி. கோயம்புத்தூர்ப் பூனைகளில் எத்தனைக்கு இந்த நோய் இருக்கும்? இந்தக் கேள்வி என்னை உட்காரவிடவில்லை. வருகிற பூனையையெல்லாம் சந்தேகமாகவே பார்த்தேன்.

உக்கடத்தில் ரவிக்கை தைக்கும் மும்தாஜ், ஈறு புண்ணாகிச் சாப்பிடாமல் கிடந்த சுல்தானைக் கொண்டுவந்தார். இடது காது கிழிந்த சண்டைக்காரன். ரத்தம் எடுத்துப் பார்த்தேன்; நோய் உண்டு என்று கிட்டில் கோடு விழுந்தது. குதிக்காத குறையாக, "பூனை எய்ட்ஸுங்க!" என்று கத்திவிட்டேன். மனிதருக்கு ஒட்டாது என்று சொல்வதற்குள் வெளியே காத்திருந்தவர்கள் ஓடிப் பெஞ்சு காலி. மும்தாஜ் சொன்னார்: "ஏனுங்க டாக்டர், அந்தப் பேரைக் கொஞ்சம் மெல்லச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

வீடு வீடாக

பத்தே நாளில் மும்தாஜின் தையல் மெஷின் நின்றுபோனது. ஒரு வீடும் துணி தரவில்லை. அவர் பிழைப்பே அதுதான். குற்றம் என்னுடையது. ஸ்கூட்டரில் போய், இது பூனையைப் பூனை கடித்துப் பரவுவது, மனிதரை அண்டாது என்று வீடு வீடாகச் சொன்னேன். மும்தாஜ் வீட்டுப் பின்சந்தில் இருந்த ராஜாமணியக்கா கதவைப் பாதிதான் திறந்தார். "நீங்க சொல்லிப்போட்டுப் போயிருவீங்க. நாங்கல்லங்க இங்க குடியிருக்கறோம்?"

சாக்குக்குள் துரை

மறுவாரம் அதே ராஜாமணியக்கா சாக்கோடு வந்து நின்றார். உள்ளே அவர் வீட்டுத் துரை. மும்தாஜ் பூனை இவனைக் கடித்திருக்குமோ என்று பயம். சீறிய சீற்றத்தில் முன்னங்காலை மட்டும் வெளியே இழுத்து ரத்தம் எடுத்தேன். மறுபடி கோடு! பார்த்த இரண்டுக்குமே இருக்கிறது, ஊரே போச்சு என்று மனம் ஓடியது. மருந்து ஊற்றச் சாக்கை அவிழ்த்தால், புண்ணான ஈறு, கிழிந்த இடது காது. சுல்தான்!

"இவன் மும்தாஜ் வீட்டுச் சுல்தானுங்க" என்றேன்.

"எட்டு வருசமா மத்தியானமெல்லாம் எம்மடியிலதானுங்க தூங்கறான்" என்றவர் தன் மடியைப் பார்த்தார். வெட்கத்தில் முகம் சுருங்கிவிட்டது. பிறகு சாக்கை உதறி மடித்தார். "இவனைப் பாத்துக்கங்க டாக்டர். நான் போயி மும்தாஜு அம்மணிகிட்ட ரெண்டு ரவிக்கைத் துணி தைக்கக் குடுத்துட்டு வாரேனுங்க."

கோயம்புத்தூரில் எத்தனை பூனைக்கு அந்த நோய் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது; ஒரு பூனைக்கு எத்தனை வீடு இருக்கலாம் என்பது மட்டும் தெரியும்.