ஐந்து தட்டு

திருவொற்றியூர்ப் பட்டறையில் டேங்கர் லாரிகளுக்கு வெல்டிங் செய்யும் அன்பரசனுக்கு வெளிநாட்டில் ரசிகர்கள் உண்டு என்றால் அவன் குடியிருக்கும் வியாசர்பாடியில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

1998-இல் அவனும், கல்மண்டபத்து மளிகைக்கடை தவசிமுத்துவின் மகன் ஜெரினும் சேர்ந்து ஒரு கேசட் போட்டார்கள். அதில் பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. பாழடைந்த கோட்டைக்குள் தனியாக நடப்பது போன்ற இசை, கீபோர்டில் மட்டும். சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்த ஜெரினுக்கு இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

கோட்டை என்றால் எதிரொலி வேண்டுமே? பட்டறையில் நீராவி விட்டுக் கழுவிய காலி டேங்க் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அன்பரசன் டேப் ரிக்கார்டரோடு உள்ளே இறங்குவான். ஜெரின் ஸ்பீக்கரை உள்ளே தொங்கவிட்டு, டேங்கின் மேல்வாயருகே உட்கார்ந்து வாசிப்பான்.

பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே ஆள் இருந்தால், வெளியே இருப்பவன் அவ்வப்போது இரும்பில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். உள்ளே இருப்பவன் ஒரு தட்டில் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு கழுவினாலும் மிச்சமிருக்கும் பெட்ரோல் வாடை ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். இசை கெடுகிறதே என்று ஜெரின் கெஞ்சிப் பார்த்தான். அன்பரசன் மசியவில்லை. ஆகவே ஒரு கை கீபோர்டில், ஒரு கை ஸ்பேனரில், தட்டு மட்டும் மெல்ல.

மூன்றாவது உருப்படியில்தான் கூத்து. அவ்வளவு சட்டம் பேசிய அன்பரசனே இசையில் சொக்கிப்போய்ப் பதில் தட்ட மறந்துவிட்டான். ஜெரின் வாசிப்பை அப்படியே விட்டுவிட்டு ஐந்து முறை ஓங்கி அடித்தான், கத்தவும் செய்தான். உறைத்ததும் அன்பரசன் ஒரு தட்டு தட்டினான். வாசிப்பு மறுபடி தொடங்கியது. திரும்ப எடுக்க பேட்டரியில் தெம்பில்லை. கத்தலை மட்டும் வெட்டிவிட்டு நாற்பது கேசட் நகல் எடுத்தார்கள்.

சாவு வீட்டில் கரண்டு போன மாதிரி இருக்கிறது என்று தோஸ்துகள் சிரித்தார்கள். ஜெரின் அப்பாவின் கடைக்குச் சாமான் வாங்க வந்த வெளிநாட்டுக் கப்பல்காரன் ஒருவன் மட்டும் ஆசையாக ஒன்று கேட்டு வாங்கிப்போனான். 2001-இல் ஜெரின் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். கேசட்டின் கதையும் அதோடு முடிந்தது என்றுதான் அன்பரசன் நினைத்தான்.

2007-இல் ஜெரினின் தங்கை சுஜா அவனை பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப்போனாள். கப்பல்காரன் கொண்டுபோன அந்தக் கேசட் கடல் தாண்டி, இன்டர்நெட்டில் ஏறிப் பரவியிருந்தது. ஏழெட்டு நாட்டுப் பிள்ளைகள் அதே பாணியில் இசை போடுகிறார்கள். நடுவில் நிறுத்தி, ஐந்து தட்டு தட்டிவிட்டுத் தொடர்கிறார்கள். அன்பரசனுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த செய்தி அதைக் கெடுத்தது. ஒரு கம்பெனி அதைச் சிடியாகப் போடப்போகிறது, எவனோ ஒருவன் அது தன்னுடையது என்கிறான். ஜெரின் பேர் எங்கேயுமே இல்லை.

"அன்புண்ணே, இது உங்க ரெண்டு பேருதுன்னு காட்ட நம்ம கையில இன்னா கீது?" என்றாள் சுஜா.

அன்பரசன் வீட்டு பிஸ்கட் டப்பாவில் மூலக் கேசட் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து ஓடுமா என்ற பயத்தோடு அவள் வீட்டில் போட்டார்கள். கரகரப்புக்கு நடுவே ஐந்து அடி விழுந்தது. பிறகு, நகலில் வெட்டிய அந்தக் கத்தல்:

"டேய் அன்பு, உசுரோட கீறியாடா? பதில் சொல்றா!"

ஆறு வருஷம் கழித்து அண்ணன் குரல். சுஜா அழுதுவிட்டாள், அன்பரசனும்தான். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி கம்பெனிக்கு அனுப்பினாள். அப்புறம் அந்த எவனோ வாயே திறக்கவில்லை.

சிடி வந்தது. அட்டையில் முதலில் ஜெரின் பேர், அடுத்து அன்பரசன் பேர். அந்த வரிசை அன்பரசன் கேட்டு வாங்கியது. பட்டறைக்குக் கொண்டுபோய், ஸ்பீக்கரை ஒரு டேங்கின் மேலேயே வைத்து ஓடவிட்டான். டீ நேரம், எல்லாரும் சுற்றி நின்றார்கள். வேலப்பன் மட்டும் அந்த டேங்குக்குள் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிடி விஷயமே தெரியாது.

மூன்றாவது உருப்படி வந்தது. இசை நின்றது. ஜெரின் ஐந்து முறை தட்டினான்.

உள்ளேயிருந்து வேலப்பன் ஒரு தட்டு தட்டினான்.