குப்பாயி வீட்டு அட்டாலி

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, வயல்காட்டுக்குள் இருந்த ஓட்டு வீட்டில் குப்பாயி தனியாக இருந்தாள். யாரையும் நம்பமாட்டாள். புருஷன் செத்த வருஷமே கொழுந்தன் சின்னண்ணன் கிணற்றடி வயலை ஏர் கட்டி உழுது தன்னுடையதாக்கிக்கொண்டான். அதிலிருந்தே அவளுக்கு அந்தக் குணம்.

1938இல் கடலைக்காய் நன்றாக விளைந்தது. களத்தில் கிடந்தால் களவு போகும் என்று பயந்தாள். ஓட்டுக்கடியில் பரணாக இருந்த அட்டாலியிலோ நிமிர முடியாது. ஓட்டைத் தாங்கிச் சரிந்திருந்த இரண்டு பக்கக் கைமரங்களையும் இழுத்துப் பிடித்திருந்த குறுக்கு விட்டங்கள் நெஞ்சுயரத்தில் ஓடின. அவற்றைக் கழற்றி உச்சிக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டால் மூட்டை அடுக்கலாம். மணியன் ஆசாரியை வரச்சொன்னாள்.

வந்தவனிடம் முதல் பேச்சே இதுதான்: "சந்தையில எங்கொழுந்தங்கூட என்னப்பா பேசிட்டிருந்தே?"

"வண்டிக்கு நுகத்தடி செஞ்சு கேட்டாருங்க ஆத்தா."

"அதுக்கு அத்தன நேரமா?"

மணியன் வேலையில் இறங்கினான். அவன் உளி எடுக்கும்போதெல்லாம் அவளும் ஏணியில் ஏறி நின்றாள். பொழுது சாய்வதற்குள் இரண்டு விட்டங்கள் மேலே போயின. அவன் போனதும், சாணியும் செம்மண்ணும் குழைத்து, சுவர் மூலையில் இருந்த பழைய கீறல் விரிகிறதா என்று பார்க்க அதன்மேல் அப்பிவைத்தாள்.

விடிந்து பார்த்தால் பூச்சு பிளந்திருந்தது. மணியன் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஊட்டச் சாய்க்கச் சொல்லித்தான் எங்கொழுந்தன் உன்னய அனுப்புனானா?"

"மண்ணு காஞ்சா வெடிக்கத்தானுங்க செய்யும்."

"எங்கெ காஞ்சுது? தொட்டுப் பாரு."

தொட்டான். ஈரம் விரலில் ஒட்டியது. வெளியே ஓடித் தூக்குக்குண்டு பிடித்தான். சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"தப்புப் பண்ணிட்டனுங்க ஆத்தா. விட்டம் மேல போனதும் கைமரம் அடியில விரிஞ்சு செவுத்தத் தள்ளுது. முட்டுக் குடுக்கோணும். எனக்கு ஒரு ஆள் வேணும். உங்க கொழுந்தனாரு தானுங்க பக்கத்துல இருக்காரு."

"அவன் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

"அப்பறம் ஓடெல்லாம் எறங்கீருமுங்க."

மேலே ஒரு ஓடு சரசரவென்று நழுவியது. குப்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்கு வரப்பில் நடந்தாள்.

சின்னண்ணன் உடனே வந்தான். ஒரு தூண்மரத்தைச் சுவரில் சாய்த்து, உச்சி வெயிலில் தோளைக் கொடுத்து நின்றான். உள்ளே மணியன் கைமரங்களின் அடிப்பக்கத்தை அட்டாலித் தரை உத்தரங்களோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்கினான். இனி அவை விரிய வழியில்லை. குப்பாயி அருவாளோடு கொழுந்தனுக்கு எதிரிலேயே நின்றாள்.

"நங்கையா, அதக் கீழ வெய்யுங்க. கண்ணு அதுலயே நிக்குது," என்றான் அவன் அண்ணன் பெண்டாட்டியிடம்.

"முட்டப் புடிச்சுக்க, போதும்."

சுவர் நின்றது. இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். வயலைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு அவன் தலையைக் குனிந்தபடியே போனான்.

ஐப்பசி மழையில் சின்னண்ணன் வீடு ஒழுகியது. நனையும் மூட்டைகளோடு வாசலில் வந்து நின்றான். குப்பாயி ஏறிப்போய், அட்டாலியின் நடுவே சுண்ணாம்பால் கோடு இழுத்துவிட்டுக் கூப்பிட்டாள். கோட்டுக்கு அந்தப்புறம் அவன் அடுக்கினான். இறங்கி அவன் வாசலைத் தாண்டியதும், திரும்ப மேலே ஏறித் தன் மூட்டை ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள்.